தச்சூர் தாண்டினால் இழுக்காத கார்

காலை ஏழே முக்காலுக்குத் தச்சூர் கூட்டுரோட்டில் காரில் ஏறும்போதே மெக்கானிக் ஜெயராஜ் பேசும் மனநிலையில் இல்லை.

இந்தக் காரை அவன் நான்கு தடவை பிரித்துவிட்டான்.

புகார் ஒன்றுதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஸ்டோர் சூப்பர்வைசராக இருக்கும் அரசப்பன் காலையில் வேலைக்குப் போகும்போது, தச்சூர் தாண்டி நாலு கிலோமீட்டரில் கார் துவண்டுவிடுகிறது. எண்பதில் வந்த வண்டி ஐம்பதுக்கு இறங்கிவிடும். டர்போ இழுக்கவே இழுக்காது. கொஞ்ச தூரம் தவழ்ந்துவிட்டு, தானாகவே சரியாகிவிடும். சாயந்திரம் திரும்பி வரும்போது ஒரு தொல்லையும் இல்லை.

டீசல் பிரஷர்தான் என்று அரசப்பனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். வீடியோவில் பார்த்தாராம்.

ஜெயராஜும் முதலில் அதைத்தான் நம்பினான். டர்போ வேலை செய்யும்போது எஞ்சினுக்கு டீசல் கூடுதலாக வேண்டும். அந்த நேரத்தில் பிரஷர் பத்தாவிட்டால் வண்டி இப்படித்தான் திணறும்.

ஃபில்டரை மாற்றினான். டேங்கை இறக்கிக் கழுவினான். டீசல் ட்யூபில் எங்காவது காற்று புகுகிறதா என்று ஒரு நாள் முழுக்கக் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தான். பம்பைக் கழற்றி சென்னைக்கு டெஸ்டுக்கு அனுப்பினான். பம்ப் புதுசு மாதிரி இருக்கிறது, எதற்கு அனுப்பினாய் என்று அங்கிருந்து கேட்டார்கள்.

காரின் கம்ப்யூட்டரில் ஒரு கோளாறுகூடப் பதிவாகவில்லை. அவனே தனியாக ஓட்டிப் பார்த்தபோது கார் நூறைத் தாண்டியும் முனகவில்லை.

போன வாரம் இரண்டு நாள் வண்டி நன்றாகப் போகிறது என்று அரசப்பன் போன் செய்து மெச்சினார். மூன்றாம் நாள் ஷெட் வாசலில் வந்து நின்று, பேஜாரு பண்ணாதபா என்று கத்தினார். யார் யாரைப் பேஜாரு பண்ணுவது என்று ஜெயராஜுக்கு வாய்வரை வந்தது.

அதனால்தான் இன்று கூடவே கிளம்பிவிட்டான். மடியில், காரோடு ஒயரில் இணைத்த ஸ்கேனர். திரையில் மூன்று கோடுகள் ஓடின. டீசல் பிரஷர், டர்போ பிரஷர், ஆக்சிலேட்டர்.

நாலாவது கிலோமீட்டரில் மூன்றும் சரிந்தன.

அரசப்பனின் முகத்தில் கிட்டத்தட்ட சந்தோஷம். இப்போதாவது நம்புகிறாயா என்று கேட்டார்.

கொஞ்சம் தள்ளி வண்டியை நிறுத்தச் சொல்லி, ஜெயராஜ் பதிவைப் பின்னால் ஓட்டிப் பார்த்தான். இன்னொரு முறையும் பார்த்தான். முதலில் விழுந்தது ஆக்சிலேட்டர் கோடு. அதற்குப் பிறகுதான் மற்ற இரண்டும்.

"பிரஷர் போவலண்ணா. நீதான் கால எடுக்கிற."

அரசப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. முப்பது வருஷமாக ஓட்டுகிறவர். டிராக்டர், லாரி எல்லாம் பார்த்தவர். கோளாறைக் கண்டுபிடிக்கத் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும், அதை விட்டுவிட்டு ஓட்டுகிறவன் காலைக் குற்றம் சொல்லக் கூடாது என்றார்.

ஜெயராஜ் பல்லைக் கடித்துக்கொண்டான். இன்னும் ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்துவிடலாம் என்றான்.

தச்சூர் வரை திரும்பிப் போய், மறுபடி யூ டர்ன் எடுத்து வந்தார்கள். ஷிப்டுக்கு நேரமாகிறது என்று அரசப்பன் வழியெல்லாம் முணுமுணுத்தார்.

இந்தத் தடவை ஜெயராஜ் திரையைப் பார்க்கவில்லை. அவர் காலைப் பார்த்தான்.

அதே இடம். செருப்போடு அந்தப் பாதம் மெல்ல மேலே எழும்பியது. ஆக்சிலேட்டருக்கு ஒரு விரற்கடை மேலே அப்படியே நின்றது.

"பார், மறுபடியும் போச்சு" என்றார் அரசப்பன். அவர் கண் நேர் ரோட்டில் இருந்தது. குரலில் பொய் இல்லை. நிஜமான எரிச்சல்தான் இருந்தது.

ஜெயராஜ் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

சர்வீஸ் ரோட்டு ஓரத்தில் நீலக் கோட்டு போட்ட மூன்று பெண்கள் கம்பெனி வேனுக்காக நின்றிருந்தார்கள். இருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாமவள் இந்தக் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார் நகர நகர அவள் தலையும் கூடவே திரும்பியது.

பூமிகா. அரசப்பனின் மகள்.

பழவேற்காட்டில் மீன்பிடிக்கிற வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு அவள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. எனக்குப் பெண்ணே இல்லை என்று அரசப்பன் ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லியிருந்தார். ஜெயராஜிடமும் சொல்லியிருந்தார்.

ஜெயராஜ் ஸ்கேனரை அணைத்தான். ஒயரைப் பிடுங்கிச் சுற்றினான். ஒரு மாதமாகத் தொண்டையில் நின்ற திட்டெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"வண்டில ஒண்ணும் இல்லண்ணா. பிரேக்க மட்டும் ஒரு வாட்டி மிதிச்சுப் பாரு."

அரசப்பனின் தாடை இறுகியது. கத்தப் போகிறார் என்று ஜெயராஜ் நினைத்தான். பின்னால் வந்த லாரி நீளமாக ஹார்ன் அடித்து, ஒதுங்கிக் கடந்து போனது. நாற்பது. முப்பது. கார் ஓரம் கட்டி நின்றது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பக்கக் கண்ணாடியில் ஒரு நீலக் கோட்டு மட்டும் தனியே பிரிந்து வருவது தெரிந்தது. முதலில் நடந்தது. பிறகு ஓடியது.

ஜெயராஜ் இறங்கினான். முன் கதவை மூடாமல், பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான்.