புதியவர்களை வரவேற்கிறோம்

கதவில் ‘புதியவர்களை வரவேற்கிறோம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. ஆனால் கணக்கு டீச்சர் முழங்கையால் மூன்று தடவை தட்டியும் யாரும் வந்து திறக்கவில்லை. உள்ளே பேச்சும் சிரிப்பும் மட்டும் கேட்டது.

“யாராவது கதவைத் திறங்களேன்!”

“பூட்டலைங்க, நீங்களே திறந்துட்டு வாங்க!” என்றது உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல்.

டீச்சருக்குச் சுர்ரென்று ஏறியது. வீட்டில்தான் ‘சும்மா நடிக்கிறே’ என்கிறார்கள் என்று இங்கே வந்தால், இங்கேயும் இந்த லட்சணமா?

“உட்கார்ந்த இடத்துலேர்ந்து அதிகாரம் பண்ணாதீங்க சார்! இந்த உருண்டைக் கைப்பிடியைத் திருக முடிஞ்சா நான் ஏன் உங்க சங்கத்துக்கு வரேன்? எனக்கு விரல் பூரா மூட்டுவாதம்!”

உள்ளே கொல்லென்று சிரிப்பு.

“அடடா, நீங்களும் நம்ம ஆளுதானா? காத்துல கதவு சாத்திக்கிச்சும்மா. நாங்க ஏழு பேரும் அரை மணி நேரமா திருகிப் பார்த்தாச்சு. நல்ல கை ஒண்ணு வந்திருக்குன்னு இப்பதான் சந்தோஷப்பட்டோம்!”

“வாட்ச்மேன் எங்கே?”

“டீ குடிக்கப் போயிருக்கார். போனை இங்கேயே வெச்சுட்டுப் போயிட்டார்.”

டீச்சர் வராந்தா நாற்காலியைக் காலால் கதவருகே தள்ளி, வசதியாக உட்கார்ந்தார்.

“அப்போ கூட்டத்தை ஆரம்பிங்க. காலையில சட்டை பட்டன் போட உங்களுக்கெல்லாம் எவ்வளவு நேரம் ஆகுது?”

ஏழு குரல்களும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல ஆரம்பித்தன.