சோதனைப் பெயர்

ஐந்து மணிக்கு இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது.

போனில் கிரிவல ஏற்பாட்டுக் குழு அலுவலர் கத்திக்கொண்டிருந்தார். "யாரும்மா இந்தக் கோதண்டராமன்? எங்க உதவி மையத்துல இப்படி ஒரு புகாரே யாரும் குடுக்கல. பொய்ப் பேரு ஒண்ணு மைக்குல போச்சுன்னா, அடுத்த பௌர்ணமிக்கு உங்க சாப்ட்வேரே வேணாம்."

"எடுத்துடறேன் சார்" என்றேன்.

யாரென்று எனக்குத் தெரியும். எங்களோடு வேலை செய்யும் கலையரசனின் சோதனைப் பெயர்.

கிரிவலப் பாதையில் காணாமல் போகிறவர்களைப் பற்றிப் பதிவு செய்தால், எங்கள் மென்பொருள் அதைத் தானே குரலாக்கிப் பதினான்கு கிலோமீட்டருக்கும் கட்டியிருக்கும் ஒலிபெருக்கிகளில் வாசிக்கும். இன்று மாலை ஐந்து மணிக்குத்தான் முதல் வாசிப்பு. வேங்கிக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்து மூன்று பேர் எட்டு மாதம் உயிரைக் கொடுத்து எழுதியது. இது கையை விட்டுப் போனால், மூன்று பேரும் கீழே இறங்கி ஜெராக்ஸ் எடுக்க வேண்டியதுதான்.

மென்பொருள் எழுதுகிற எல்லோருக்கும் ஒரு சோதனைப் பெயர் உண்டு. எழுதியது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பதற்காகத் தட்டிவிடும் பொய்ப் பெயர். நான் 'அஅஅ' என்று அடிப்பேன். ஃபைசான் அன்றைக்கு மதியம் தின்றதை அடிப்பான். ஒரு பள்ளிக்கூட மென்பொருளில் 'பரோட்டா, ஏழாம் வகுப்பு' என்று ஒரு மாணவனே இருந்தான்.

கலையரசனுக்கு எந்த வேலையானாலும் ஒரே ஆள்தான். பால் சொசைட்டிக்கு எழுதியபோது கோதண்டராமன் பால் ஊற்றினார். பள்ளி வேனுக்கு எழுதியபோது வேன் ஓட்டினார். சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர், இடது காதுக்குக் கீழே மச்சம், கட்டம் போட்ட நீலத் துண்டு. பொய்யான ஆளுக்கு எதற்கடா மச்சம் என்று கேட்டு மூன்று வருடமாகச் சிரித்திருக்கிறோம். அவனும் கூடச் சிரிப்பான்.

சோதனைப் பெயரை உண்மைப் பட்டியலில் விட்டுவைப்பது எங்கள் தொழிலில் மன்னிக்கவே முடியாத தப்பு. அதைச் செய்துவிட்டு ஆள் லீவில் இருக்கிறான். பௌர்ணமி என்றால் லீவு, கிரிவலம். அவன் நெற்றியில் ஒரு நாளும் விபூதியைப் பார்த்ததில்லை, ஆனால் ஒரு பௌர்ணமியைக்கூட அவன் விட்டதில்லை.

மூன்று தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன்.

"நான் தூக்கிடறேங்கா, ரெண்டே செகண்டு" என்று ஃபைசான் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

மவுஸைத் தொடுவதையே கேவலமாக நினைப்பவன் அவன். எல்லாம் அந்தக் கறுப்புத் திரையில் கட்டளை தட்டித்தான். அதிலிருந்து வெளியே வரத் தெரியாமல், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கியவனும் அவனேதான். போன வருடம் ஒரே ஒரு பெயரை நீக்கப் போய், எந்தப் பெயர் என்று குறிப்பிட மறந்து, பரோட்டாவோடு சேர்த்து நானூறு மாணவர்களையும் நீக்கினான்.

இப்போது பட்டியலில் நாற்பத்தோரு பேர் இருந்தார்கள். அதில் ஒன்று ஐந்து வயதுக் குழந்தை.

"கையை எட்றா" என்றேன்.

பதினோரு நிமிடம் இருந்தது. கோதண்டராமன் பெயருக்கு நேரே 'நீக்கு' என்பதை நானே அழுத்தினேன்.

எனக்கு ஒரு பழக்கம். எதை நீக்குவதற்கு முன்னாலும் அதன் வரலாற்றைப் பார்ப்பேன். யார், எப்போது, என்ன மாற்றினார்கள் என்று தெரியாமல் ஒரு காற்புள்ளியைக்கூட அழிக்க மாட்டேன். வீடு பற்றி எரிந்தாலும் அக்கா பட்டாவைப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றும் என்று ஃபைசான் கிண்டல் செய்வான்.

எல்லா வேலைக்கும் கோதண்டராமனை எடுத்துப் போடக் கலையரசன் வைத்திருக்கும் சோதனைக் கோப்பைத் திறந்தேன். மூன்று வருடத்துக்கு முந்தைய ஜூன் 12 அன்று எழுதியது, வயது 61. அடுத்த வருடம் அதே ஜூன் 12 அன்று ஒரே ஒரு மாற்றம், வயது 62. போன வருடமும் அதே தேதி, வயது 63.

சோதனைப் பெயருக்கு வயது ஏறாது. என் 'அஅஅ'வுக்கு எட்டு வருடமாக வயது 1.

இந்த வருடம் ஜூனில் மாற்றம் எதுவும் இல்லை. அந்த வாரம் முழுவதும், வேலை முடியவில்லை என்று அவனைத் தலைநிமிர விடாமல் விரட்டியது நான்தான்.

உண்மைப் பட்டியலுக்குத் திரும்பினேன். பதிவு செய்த நேரம் இன்று காலை ஆறு பத்து, மொபைலிலிருந்து. வயது இன்னும் 63. கடைசியாகப் பார்த்த இடம் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை. காணாமல் போன தேதி மூன்றரை வருடம் பழையது. தகவல் தர வேண்டிய எண் கலையரசனுடையது.

எல்லா மென்பொருளிலும் அவன் காலியாகவே விட்டுவைக்கும் 'உறவு' என்ற கட்டத்தில், இன்று 'மகன்' என்று இருந்தது.

அந்த மச்சத்துக்குச் சிரித்தோமே என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

மறுபடி போன் அடித்தது.

"என்னம்மா, நாலு நிமிஷம்தான் இருக்கு. அந்தப் பொய்ப் பேரை எடுத்தாச்சா?"

'நிச்சயமாக நீக்கவா?' என்று திரை இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. ஃபைசான் என் தோளுக்குப் பின்னால் நின்றான். அவனும் படித்துவிட்டான்.

'வேண்டாம்' என்பதை அழுத்தினேன். வயதை 64 ஆக்கிச் சேமித்தேன்.

"பட்டியல்ல பொய்ப் பேரு எதுவும் இல்லைங்க சார்" என்றேன்.