கிழிசல் எந்தப் பக்கம்?

ஓர் அம்மாவின் ஈரலிலிருந்து சோதனைக்காக வெட்டியெடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டியிருந்த சீவலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தன் உடம்பில் எந்த இடத்தில் எந்த மரபணு வேலை செய்கிறது என்று அது புள்ளி புள்ளியாகச் சொல்லிக் கொடுத்திருந்தது. இந்த வேலையைப் புதிதாகப் பழகும் கணினியோ, அத்தனைக்கும் நிறம் தீட்டிப் படமாக்கிவிட்டு, "எப்படி இருக்கு?" என்று பல்லிளித்தது.

"என் ஓரத்துக் கிழிசல் எந்தப் பக்கம் இருக்கு?" என்றது சீவல்.

"இடப்பக்கம்."

"உன் படத்துல?"

கணினி உற்றுப் பார்த்தது. "வலப்பக்கம். திருப்பிப் போட்டுட்டேன் போல. ஆனா கணக்கெல்லாம் சரி. ஒரு மரபணுகூட விட்டுப்போகலை. நிறத்தைப் பாரு, எவ்வளவு பளிச்சுன்னு…"

"வாயை மூடு! கட்டி இருக்கிற பக்கத்தை நல்ல ஈரல்னு காட்டியிருக்கே. நல்ல பக்கத்துல கட்டியை வச்சிருக்கே. டாக்டருக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தியா?"

"சின்னத் தப்புக்கு ஏன் இந்தக் குதி குதிக்கிறே? உன்னைத்தான் ஏற்கெனவே வெட்டி எடுத்தாச்சே. உனக்கென்ன நஷ்டம்?"

"எனக்கு ஒண்ணுமில்லைடா," என்றது சீவல். "மீதி ஈரல் இன்னும் அந்த அம்மா வயித்துக்குள்ளதான் இருக்கு. நாளைக்கு உன் படத்தைப் பார்த்துத்தான் கத்தியை வைக்கப் போறாங்க."