தாஷானின் குறட்டை

விழித்த கணமே தாஷான் பதறி நிமிர்ந்தார். தூங்கியிருக்கிறார்.

அதுவும் பட்டப்பகலில். அதுவும் மத்தியான ஓய்வுக்குப் பள்ளியிலிருந்து வந்த மகள் திரைச்சீலைக்கு அந்தப்பக்கம் படுத்திருக்கும்போது.

கைபேசியில் மணி ஒன்றே முக்கால். சட்டியில் மிச்ச மீன் ஆறிக் கிடந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே சரிந்திருக்கிறார். வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டு மூச்சை அடக்கிக் காதைக் கொடுத்தார். அந்தப்பக்கம் சத்தமே இல்லை.

தாஷானின் குறட்டை சாதாரணக் குறட்டை அல்ல. சீனாவின் அன்ஹுய் மாகாண மலைப்பாதைகளில் இருபது வருஷம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவர் படுத்தால், பக்கத்து வண்டிக்காரர்கள் எழுந்து தங்கள் வண்டியைத் தள்ளி நிறுத்திக்கொள்வார்கள்.

மனைவி கடற்கரை நகரத்தில் செருப்புத் தொழிற்சாலையில் இருக்கிறாள். அவள் சம்பளம்தான் பெரிது என்பதால், கடைசி வருஷப் பள்ளிப் படிப்பில் மகள் லிங்யுனுக்குத் துணையாகப் பள்ளிக்கூடத் தெருவில் அறை எடுத்துத் தங்க இவர் வந்தார். ரயில் ஏறும்போது மனைவி சொன்னது இவ்வளவுதான்: "நீங்க ஒண்ணும் பாடம் சொல்லிக் குடுக்க வேணாம். அந்தக் குறட்டைய மட்டும் அடக்குங்க, பொண்ணு தேறிடுவா."

குறட்டையை எப்படி அடக்குவது? தாஷானுக்குத் தெரிந்த ஒரே வழி தூங்காமல் இருப்பது.

ஒன்பது மாதமாக, மகள் அறையில் இருக்கும் நேரத்தில் அவர் கண்ணை மூடியதில்லை. மத்தியானமானாலும் சரி, ராத்திரியானாலும் சரி. தூக்கம் தள்ளினால் காய்ந்த மிளகாயை மென்றார், தொடையைக் கிள்ளிக்கொண்டார். கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டார். கத்தி பலகையில் பட்டால் சத்தம் வரும் என்று கீரையைக் கத்தரிக்கோலால் நறுக்கினார். அந்தத் தெருவில் இப்படிப் பிள்ளைகளுக்குத் துணையாக வந்த நாற்பது அம்மாக்களுக்கு நடுவே இவர் ஒருவர்தான் அப்பா. கத்தரிக்கோல் கதையைச் சொல்லிச் சொல்லி அவர்கள் சிரித்தார்கள்.

காலையில் அவள் வகுப்புக்குப் போனபின் கிடைக்கும் இரண்டு மணி நேரம்தான் அவர் தூக்கம். இன்று மூளைக்கு நல்லது என்று மீன் வாங்க ஆற்றங்கரை வரை நடந்ததில் அதுவும் போச்சு.

இத்தனை செய்தும் லிங்யுனின் மதிப்பெண் இறங்கிக்கொண்டே வந்தது. எழுநூற்றைம்பதுக்கு ஐந்நூற்று எழுபது எடுத்துக்கொண்டிருந்தவள், போன வாரம் ஐந்நூற்று இருபதுக்கு வந்துவிட்டாள். வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறாள், வீட்டில் நன்றாகத் தூங்கவையுங்கள் என்று ஆசிரியை இரண்டு முறை போன் செய்துவிட்டார். பள்ளி வாசல் பலகையில் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கு இன்னும் பத்தொன்பது நாள். இருப்பது அந்த ஒரு பரீட்சைதான். அதில் விட்டால் மகளும் அம்மா பின்னால் செருப்பு ஒட்டப் போக வேண்டியதுதான்.

இப்போது அவரே கெடுத்துவிட்டார்.

கதவு இடுக்கில் பக்கத்து அறை ஃபெங் அக்காவின் தலை தெரிந்தது. மகனுக்காக இந்தத் தெருவில் இரண்டாம் வருஷமாகக் குடியிருப்பவள். திட்டுவதைக்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் திட்டினாள்.

"ஏன் லாரிக்காரரே, வண்டிய ரூமுக்குள்ளயே ஓட்டுனீங்களா? எங்க வீட்டுக் கிண்ணமெல்லாம் ஆடுச்சு."

தாஷானுக்கு ஐம்பது வயதில் அழுகைதான் வந்தது.

திரைச்சீலை விலகியது. லிங்யுன் நின்றாள். தலைமுடி கலைந்திருந்தது. ஒரு கன்னத்தில் தலையணை மடிப்பு ஆழமாகப் பதிந்திருந்தது. இந்த அறைக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஒரு மடிப்பை அவர் பார்த்ததில்லை.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் குனிந்து காலணியை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"லாரில படுத்திருந்த மாதிரியே இருந்துச்சுப்பா. தெனமும் நீ முழிச்சுக் கெடக்கறதக் கேட்டுக் கேட்டு, நானும் முழிச்சுத்தான் கெடந்தேன்."

பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

சின்ன வயதில் விடுமுறை விட்டால் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். இருக்கைக்குப் பின்னால் உள்ள பலகையில் அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு படுப்பாள். சுற்றி நிற்கும் வண்டியெல்லாம் தள்ளிப் போகும். அவள் மட்டும் அசையாமல் தூங்குவாள். அது எப்படித் தனக்கு மறந்துபோனது என்று தாஷானுக்குத் தெரியவில்லை.

மறுநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்து லிங்யுன் திரைக்கு அந்தப்பக்கம் போனாள். தாஷான் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மல்லாந்து படுத்தார். இனித் தடையில்லை, தூங்கலாம். தூங்கியே ஆக வேண்டும்.

அங்கேதான் வந்தது வினை. ஒன்பது மாதம் விரட்டி விரட்டி அடித்த தூக்கம் கூப்பிட்டவுடன் வந்துவிடுமா? மிளகாய் இல்லாமலே கண் பளிச்சென்று இருந்தது. ஐந்து நிமிஷம் போனது. பத்து நிமிஷம் போனது.

அந்தப்பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. புரண்டு படுக்கிறாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கிறீச்சிட்டது.

தாஷான் மேலே பார்த்தபடி வாயைத் திறந்தார். ஏற்றத்தில் வண்டியைக் கிளப்புவதுபோல முதலில் மெதுவாகத்தான் ஆரம்பித்தார். பிறகு கொஞ்சம் கூட்டினார்.

கட்டில் சத்தம் நின்றது.

அவள் தூங்கியிருப்பாள் என்று தெரிந்த பிறகும் அவர் விடவில்லை. நிறுத்தினால் எழுந்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. தொண்டை வறண்டது, எழுந்து தண்ணீர் குடிக்க வழியில்லை. ஒரு மணி நேரம், கண்ணைக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு, ஒரு மூச்சு தவறாமல் குறட்டை விட்டார்.

இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.