மற்ற இருவரும் சொல்லட்டும்

மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவுக்கு மருத்துவர்கள் கலந்து பேசும் செயலியை அமைத்தவன் சிவபிரகாஷ். ஒரு மருத்துவர் எழுதினால் மற்றவர்களின் போனில் அந்த நொடியே தெரியும். அறுவை, மருந்து, கதிர்வீச்சு மருத்துவர்கள் மூவரும் சம்மதித்தால் சிகிச்சை தொடங்கும்.

பிறகு ஏன் அவனுடைய மாமியார் ஜக்கம்மாளுக்கு இரண்டு வாரமாக முடிவு வரவில்லை?

திறந்து பார்த்தான். மூவரும் மரியாதையாக ஒரே பதிலை எழுதியிருந்தார்கள்: "மற்ற இருவரும் முதலில் சொல்லட்டும்."

"ஆபரேஷனா, மருந்தா மாப்ள? கட்டி பெருசாகிக்கிட்டே போகுதே."

"இன்னைக்குச் சொல்லிருவாக அத்தை."

சற்று நேரத்தில் செயலி நின்றுபோனது. மூன்று மருத்துவர்களும் அவன் அறைக்கே வந்துவிட்டார்கள்.

"என்னப்பா இது? அம்புட்டு வேலையும் கெடக்கு!" என்றார் அறுவை மருத்துவர்.

"செத்த நேரம் சார். டீ சொல்லியிருக்கேன்."

டீ வருவதற்குள் கதிர்வீச்சு மருத்துவர் கேட்டார். "அந்த ஜக்கம்மாள் கேஸ் என்னாச்சு?"

"முதல்ல மருந்து குடுத்துக் கட்டியச் சுருக்கிருவோம்" என்றார் மருந்து மருத்துவர்.

"சுருங்குனதும் நான் அறுத்து எடுத்துர்றேன்."

"அப்புறம் எங்கிட்ட அனுப்பிருங்க."

முடிவாகிவிட்டது. மூவரும் செயலியைத் திட்டிக்கொண்டே டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

சிவபிரகாஷ் குனிந்து, தானே பிடுங்கிப் போட்டிருந்த, செயலி ஓடும் கணினியின் வயரை மறுபடி செருகினான்.

இப்போதெல்லாம் புதன்கிழமைதோறும் டீ நேரத்தில் அதைப் பிடுங்கிவிடுகிறான். எந்த கேஸும் ஒரு வாரத்துக்கு மேல் தேங்குவதில்லை.