வீட்டோடு ஓர் ஆள்

மேஜை மேலிருந்த சின்ன வெண்கல மணியை ரோஸ்மேரி மூன்றாவது தடவை அடித்த பிறகுதான் சமையலறையிலிருந்து வியாகுலம்மாள் தட்டோடு வந்தாள். உடம்பில் வெள்ளைக் கோட்டு, தலையில் வெள்ளைத் தொப்பி. தொப்பி சரிந்து ஒரு காதில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மணி அடிச்சா உடனே வரணும்னு சொல்லியிருக்கேன்ல?"

"அடுப்பாண்ட நின்னுகினு இருந்தேம்மா. காதுல வுழல."

அவளைக் கண்டதும் ரோஸ்மேரியின் கணவன் மேத்யூ சோபாவிலிருந்து சட்டென்று எழுந்து, தட்டை வாங்கக் கை நீட்டினான். மனைவி முறைத்த முறைப்பில் மறுபடி உட்கார்ந்தான்.

"என்ன சார், எந்திரிச்சிட்டிய?" என்று கேட்டாள் விருந்தாளி ஞானசெல்வி.

"வயசானவங்கன்னா அவருக்கு அப்படி ஒரு மரியாதை மேடம். வேலைக்காரங்கன்னுகூடப் பார்க்க மாட்டார்" என்று ரோஸ்மேரி சிரித்தாள். "இது பகல் யூனிஃபார்ம். சாயங்காலம் வந்தீங்கன்னா இவங்களுக்கு நீலக் கோட்டு."

ஞானசெல்வியின் கணவருக்கு ராயபுரத்தில் பெரிய மொத்தக் கடை. அவளோ, வட்டாரத்துப் பணக்காரப் பெண்கள் நடத்தும் கிளப்பின் தலைவி. அந்தக் கிளப்பில் நுழைய ரோஸ்மேரி படாத பாடு பட்டுவிட்டாள்.

காசிமேட்டில் பிறந்தவள், அண்ணா நகர் என்று சொல்லிக்கொண்டாள். கிரேன் ஓட்டும் மேத்யூவைப் பேச்சிலேயே துறைமுக அதிகாரி ஆக்கினாள். திருவொற்றியூரில் இருக்கும் இந்த அடுக்குமாடி வீட்டைத் தேடி வந்த சொந்தத் தம்பியை, மீன் கொண்டுவந்த ஆள் என்று சொல்லி லிஃப்ட் வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். ஆனாலும் கிளப்பில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வீட்டோடு தங்கி வேலை செய்யும் ஆள் இல்லாத வீட்டுக்கு அங்கே இடமில்லை.

ஜன்னலுக்கு வெளியே எண்ணூர்ப் பக்கம் ஆலைப் புகை வெள்ளையாக எழும்பியது.

"பனி மேடம். இந்தப் பக்கம் அப்படியே ஊட்டி" என்றாள் ரோஸ்மேரி. அது மே மாதம்.

ஞானசெல்வியின் காதில் எதுவும் விழவில்லை. சுறாப்புட்டில் ஒரு வாய் வைத்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். தட்டு காலியான பிறகுதான் திறந்தாள்.

"இவங்களை எனக்குக் குடுத்துருங்க."

"மேடம்?"

"எத்தனையோ சமையல்காரிய மாத்திட்டேன். ஒருத்திக்கும் இந்தக் கை இல்ல. இவங்களை அனுப்பி வைங்க, வர்ற கூட்டத்துலயே உங்க பேரைச் சேத்துருதேன்."

மேத்யூ பதறிப்போனான். "ரோஸி, வேணாம். சொல்லிடலாம்."

ரோஸ்மேரி யோசித்தாள். கண்ணுக்குள் கிளப்பின் நீச்சல் குளம் தெரிந்தது. அதன் ஓரத்தில், குடை நிழலில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவளே சாய்ந்திருந்தாள்.

"நீங்க சும்மா இருங்க" என்று அவனை அடக்கினாள். "கூட்டிட்டுப் போங்க மேடம். எங்களுக்கு இன்னா, வேற ஆளா கெடைக்காது?" வாய் தவறி வந்த 'இன்னா'வை அவசரமாக ஓர் இருமலில் மறைத்தாள்.

சமையலறை வாசலில் நின்று வியாகுலம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மெதுவாக வந்து தொப்பியைக் கழற்றி, மணியின் மேல் கவிழ்த்தாள்.

"நெசமாத்தான் சொல்றியாம்மா?"

"ஆமா, போங்க. நல்ல இடம்." ரோஸ்மேரி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"தனி ரூம் உண்டு, ஏசி உண்டு. வேற எதுனாலும் கேளுங்க" என்றாள் ஞானசெல்வி.

"வேற ஒண்ணும் வேணாம்மா. எனக்கு ஒரே புள்ள கீறான். அவனையும் இட்டுகினு வரலாமா?"

"தாராளமா வரட்டும். எங்க இருக்கான்?"

ரோஸ்மேரிக்கு மறுபடி இருமல் வந்தது. இந்தத் தடவை நிஜமான இருமல்.

வியாகுலம்மாள் சோபாவின் பக்கம் திரும்பினாள்.

"கெளம்புடா மேத்யூ!"