புகைச் சோதனை

இளைய மகனின் ஸ்போர்ட்ஸ் காரை விற்கவிருந்தோம். அவன் அதற்குள்தான் இறந்துகிடந்தான். ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்று ஊருக்குச் சொன்னோம். எங்கள் குடும்பத்தில் கௌரவமாகத்தான் சாவார்கள்.

எஞ்சின் உதறி உதறி நின்றது.

“வண்டிக்கு இளைப்பு, பெரியவரே. எங்கேயோ காத்து இழுக்குது. புகை விட்டா ஓட்டை தெரிஞ்சிடும்,” என்றார் மெக்கானிக்.

எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் புகையைச் செலுத்தினார். எந்த ரப்பர் குழாயிலும் கசிவில்லை. பூட்டிய காருக்குள், ஓட்டுபவரின் முகம் இருக்கும் உயரத்தில், புகை விட்டுவிட்டு வந்தது.

“ஐயோ, மூச்சு மாதிரியில்ல இருக்கு! கதவைத் திறங்க!”

அப்போது சம்பந்தி கார் ஷெட்டுக்குள் வந்தார். நான் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

“என்ன சம்பந்தி, ஏதாச்சும் கோளாறா?”

“ஒண்ணுமில்லை. வெறும் புகை.”

கண்ணாடிக்குப் பின்னால், ஒரு புகைக்கும் அடுத்த புகைக்கும் இடையே நேரம் நீண்டுகொண்டே போனது.